ஜிம்னாஸ்டிக்ஸ் கோச்: பெற்றோரும் புதிய பயிற்சியாளர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிள்ளையை ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்த்தவர்களும், விளையாடி முடித்துவிட்டுப் பயிற்சி கொடுக்க வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. எளியவை முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால்.

பொண்ணுக்கு நாலு வயசுதான் ஆகுது. இப்பவே சேர்க்கணுமா, இல்ல இப்பவே லேட்டா?

லேட் இல்லை. நாலு, ஐந்து வயதில் உருளுவது, தொங்குவது, ஒரு காலில் நிற்பது, குதித்து முழங்காலை மடக்கி இறங்குவது இவ்வளவு போதும். வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம். முறையான அடிப்படைப் பயிற்சியை ஆறு, ஏழு வயதில் தொடங்கலாம். அதற்குப் பிறகு வந்தும் நன்றாக ஆடுகிறவர்கள் உண்டு.

“இப்ப விட்டா போச்சு” என்று அவசரப்படுத்துகிற கோச்சிடம் நிதானமாக யோசித்துச் சேருங்கள். சர்வதேச சீனியர் போட்டிகளில் பெண்கள் 16 வயது ஆகும் ஆண்டில்தான் இறங்க முடியும். ஆண்களுக்கு அது 18. 1975-ல் பிறந்த ஒக்சானா சுசோவிடினா 1992 பார்சிலோனாவில் தொடங்கி டோக்கியோ வரை எட்டு ஒலிம்பிக்கில் ஆடினார். காலம் இருக்கிறது.

கோச்சுக்கு என்ன தகுதி பார்க்கணும்? ஸ்டேட், நேஷனல்னு ஆடி ஜெயிச்சவர்னா போதாதா?

போதாது. தன்னால் ஒன்றைச் செய்ய முடிவதும் அதை எட்டு வயதுப் பிள்ளைக்குப் படிப்படியாகக் கற்றுத் தருவதும் வேறு வேறு திறமை. இந்தியாவில் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ பலரும் முடித்துவரும் படிப்பு. சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனம் மூன்று நிலைகளில் பயிற்சியாளர் வகுப்பு நடத்துகிறது. சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சான்றிதழோடு மூன்று விஷயங்களையும் கேளுங்கள். முதலுதவி தெரிந்தவர் பயிற்சி நேரம் முழுவதும் ஹாலில் இருப்பாரா? ஒரு கோச்சிடம் ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகள்? புதிய ஸ்கில்லை எந்தெந்தப் படிகளில் கற்றுத் தருவார்? மூன்றாவது கேள்விக்கு விவரமான பதில் வந்தால் அவருக்குத் தொழில் தெரியும் என்று நம்பலாம். “அதெல்லாம் தானா வந்துடும்” என்றால் வேறு இடம் பாருங்கள்.

ஹாலைச் சுத்திப் பார்க்கும்போது எதைக் கவனிக்கிறது? எங்களுக்கு ஒண்ணும் புரியாதே.

முதலில் தரையைப் பாருங்கள். இரண்டு மேட்டுகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால் கணுக்கால் அதில்தான் மாட்டும். போட்டித் தர லேண்டிங் மேட் 20 செ.மீ. தடிமன் இருக்கும். கையால் அழுத்தும்போது தரை தட்டினால் உள்ளே நுரை செத்துவிட்டது என்று அர்த்தம். ஃபோம் பிட் (நுரைக் கட்டைகள் நிரப்பிய குழி) இருந்தால் கட்டைகள் விளிம்பு வரை நிரம்பியிருக்க வேண்டும். நாள்பட நாள்பட அவை நசுங்கிக் கீழே இறங்கும், கிளறிவிடாத பிட்டில் தலைகுப்புற விழுவது ஆபத்து. பிட்டின் ஓரச் சுவர்களுக்கும் மெத்தை போட்டிருக்க வேண்டும். கையால் தொங்கிச் சுழலும் பார்ஸை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளின் கொக்கி, திருகுகளை யார் தினமும் பார்க்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

புதிய கோச்சுகளுக்கு: அளவு நாடாவைப் பையில் வைத்திருங்கள். பீம் (மேலே ஏறி ஆடும் ஒடுக்கமான கட்டை) 125 செ.மீ. உயரம், 10 செ.மீ. அகலம், 5 மீட்டர் நீளம். பெண்கள் வால்ட் (கை ஊன்றித் தாண்டும் மேசை) 125 செ.மீ. உயரம், ஆண்கள் வால்ட் 135. பெண்கள் பார்ஸ் தரையிலிருந்து 170, 250. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் பெண்கள் ஆல் அரவுண்ட் (எல்லாக் கருவிகளும் சேர்ந்த போட்டி) இறுதியில் வால்ட்டை 5 செ.மீ. தாழ்வாக வைத்துவிட்டார்கள். ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள், முன்னணியில் இருந்த ரஷ்யாவின் ஸ்வெட்லானா ஹோர்கினாவும் விழுந்தார். ஆஸ்திரேலியாவின் அலானா ஸ்லேட்டர் என்ற வீராங்கனை ஏதோ சரியில்லை என்று சொன்ன பிறகுதான் அளந்து பார்த்தார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு மறுவாய்ப்பு கிடைத்தது. ஆனால் ஹோர்கினா அதற்குள் பார்ஸிலும் விழுந்திருந்தார். ஒலிம்பிக்கிலேயே நடந்தது எந்த ஹாலிலும் நடக்கும்.

கோச் பக்கத்துல நின்னு கையால பிடிச்சு விடுறாரே, அதை எப்ப நிறுத்தணும்?

அதற்கு ஸ்பாட்டிங் என்று பெயர். அது படிகளில் ஒன்று, எல்லாவற்றுக்கும் தீர்வு ஆகாது. பேக் ஹேண்ட்ஸ்பிரிங்கை (பின்னால் தாவி, கை ஊன்றி, காலில் இறங்குவது) எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கைகளில் நிற்கும் வலு வேண்டும்: சுவரோரம் 30 விநாடி ஹேண்ட்ஸ்டாண்ட், நேரான உடம்போடு. அடுத்து உருளை மேட்டின் மேல் பின்னால் சாய்வது. அதன் பிறகு சரிவு மேட்டில் கோச்சின் ஒரு கை இடுப்புக்குப் பின்னாலும் இன்னொரு கை தொடைக்குப் பின்னாலும் வைத்துச் செய்வது. பிறகு சமதளத்தில். கையின் பாரம் வாரா வாரம் குறைய வேண்டும். கடைசியில் கோச் தொடுவதே தெரியக்கூடாது. அந்த நிலையில் தொடர்ந்து சில வகுப்புகள் ஒரே மாதிரி வந்த பின்தான் தனியாக விட வேண்டும்.

தவறு நடப்பது இரண்டு இடத்தில். கோச் தூக்கித் தூக்கிச் சுழற்றிவிட்டால் பிள்ளையின் உடம்பு அந்த ஸ்கில்லைக் கற்பதே இல்லை, கோச் இல்லாத நாளில் தலையில் விழும். இன்னொன்று, நேற்று பிடித்தவர் இன்று சொல்லாமல் கையை எடுப்பது. “பிடிக்கிறேன்” என்று சொன்னால் பிடிக்க வேண்டும். அந்த நம்பிக்கை ஒருமுறை போனால் பயத்தைத் திரும்ப எடுக்க மாதக்கணக்கில் ஆகும்.

போட்டியிலயும் அப்படி பிடிச்சு விடலாமா?

பெண்கள் பார்ஸில் கோச் அருகே நிற்கலாம். கீழே விழுகிறவரைத் தாங்கலாம். ஆனால் ஸ்கில்லை முடிக்க உதவினால் 1 புள்ளி போகும், அந்த ஸ்கில்லும் கணக்கில் வராது. ஆடும்போது சத்தம் போட்டு வழி சொல்வதும் சைகை காட்டுவதும் தடை. விழுந்தால் திரும்ப ஏற பார்ஸில் 30 விநாடி, பீமில் 10 விநாடி. கோச் அந்த நேரத்தில் பேசலாம், அதில் ஒரே ஒரு திருத்தத்தை மட்டும் சொல்வது நல்லது.

புள்ளி போகும் என்று பயந்து கழுத்தில் விழப்போகிறவரைத் தாங்காமல் நிற்பது மன்னிக்க முடியாத தவறு. விதியும் அப்படி எதிர்பார்க்கவில்லை.

ஸ்ப்ளிட் போட வைக்கும்போது கோச் தோள்மேல ஏறி அழுத்துறாரு. பிள்ளை அழுவுது. எல்லா எடத்துலயும் அப்படித்தான்னு சொல்றாங்களே?

எல்லா இடத்திலும் இல்லை, இருக்கவும் கூடாது. நீட்சி வலுக்கட்டாயத்தால் வருவதில்லை. உடம்பு சூடான பிறகு, தன் எல்லை வரை பிள்ளை தானே இறங்கி, 20 முதல் 30 விநாடி மூச்சு விட்டு நின்று, இரண்டு மூன்று தரம் திரும்பச் செய்ய வேண்டும். அதோடு காலைத் தானாகத் தூக்கி நிறுத்தும் வலுப் பயிற்சியும் வேண்டும். தரையில் 180 டிகிரி விரியும் கால் தாவலில் 140 டிகிரியில் நின்றுவிடுவதற்குக் காரணம் இந்த வலு இல்லாததுதான்.

வெளியிலிருந்து அழுத்தும்போது பிள்ளை பயத்தில் தசையை இறுக்கும். இறுகிய தசையை இழுத்தால் தொடையின் பின்தசை எலும்பில் ஒட்டும் இடத்தில் கிழியும். வளரும் வயதில் அந்த எலும்புத் துண்டே பெயர்ந்து வரும். அழுகிற பிள்ளையை அழுத்துவதை அன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த வகுப்பு வரை பொறுக்க வேண்டாம்.

வலிக்குதுன்னு சொன்னா “பழகிடும்”னு சொல்றாரு. எது சாதாரண வலி, எது டாக்டர்கிட்ட போற வலி?

புதிய பயிற்சிக்கு அடுத்த நாள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தசை வலித்து, இரண்டு மூன்று நாளில் போனால் அது சாதாரணம். ஒரே இடத்தில், விரல் வைத்துக் காட்டும்படியான வலி, எலும்பின் மேல் வலி, ஓய்விலும் இரவிலும் தொடரும் வலி ஆகியவை வேறு.

வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கும். அதுதான் முதலில் அடிபடும். ஹேண்ட்ஸ்டாண்டிலும் வால்ட்டிலும் மணிக்கட்டு கட்டைவிரல் பக்கமாக வலித்தால் கை மேல் பாரம் போடும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலியோடு தொடர்ந்தால் அந்த எலும்பின் வளர்ச்சியே நின்றுவிடக்கூடும். குதிகால் வலியும் முழங்காலுக்குக் கீழே வீங்குவதும் வேகமாக வளரும் காலத்தில் வருபவை. குதிப்பதைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். பின்னால் வளையும்போது கீழ்முதுகு வலி இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் முள்ளெலும்பில் விரிசல் இருக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் அது தப்பிவிடுவதும் உண்டு, வலி தொடர்ந்தால் எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள். தலையில் அடிபட்ட பிள்ளையை அன்றைக்கு மறுபடி களத்தில் இறக்கவே கூடாது.

“பழகிடும்” என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு சோவியத் வீராங்கனை எலினா முகினா சாட்சி. 1978 உலக சாம்பியன். கால் முறிவு சரியாக ஆறாத நிலையில், மாஸ்கோ ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, 1980 ஜூலையில் தாமஸ் சால்ட்டோவைப் பயிற்சி செய்தார். காற்றில் சுழன்று, நேராக முன்னுருளலில் முடியும் ஸ்கில் அது. உயரம் கொஞ்சம் குறைந்தாலும் கழுத்து தரையில் மோதும். அது தன் கழுத்தை முறிக்கும் என்று அவர் பயிற்சியாளரிடம் முன்பே சொல்லியிருந்தார். அப்படியே ஆனது. கழுத்துக்குக் கீழே செயலிழந்து 26 ஆண்டுகள் வாழ்ந்து, 2006-ல் இறந்தார். பெண்களுக்கு அந்த ஸ்கில் பின்னர் தடை செய்யப்பட்டது.

ஸ்கோர் எப்படித்தான் போடுறாங்க? பத்துக்குப் பத்துங்கிறது இப்ப இல்லையா?

2006 முதல் இல்லை. இப்போது இரண்டு பகுதி. டி ஸ்கோர் என்பது கடினம்: எண்ணப்படும் ஸ்கில்களின் மதிப்பு, சேர்த்துச் செய்வதற்கான கூடுதல், கட்டாயத் தேவைகளுக்கான புள்ளி எல்லாம் சேர்ந்தது. பெண்கள் பீமிலும் ஃப்ளோரிலும் (தரை ஆட்டம்) உயர் மதிப்புள்ள எட்டு ஸ்கில்கள் எண்ணப்படும். ஏ என்றால் 0.1, பி என்றால் 0.2 என ஏறிக்கொண்டே போகும். கட்டாயத் தேவைகள் நான்குக்கும் தலா 0.5. இ ஸ்கோர் என்பது செய்த விதம்: 10-ல் தொடங்கி, பிழைக்கு 0.1, 0.3, 0.5 என்று வெட்டுவார்கள், விழுந்தால் 1. கோடு தாண்டுவது போன்றவற்றுக்குத் தனியாக வெட்டு உண்டு.

மாற்றத்துக்கு உடனடிக் காரணம் 2004 ஏதென்ஸ். கொரியாவின் யாங் டே யங் பேரலல் பார்ஸில் செய்ததற்குத் தொடக்க மதிப்பு 10.0 தர வேண்டிய இடத்தில் 9.9 தந்துவிட்டார்கள். அந்த 0.1 இருந்திருந்தால் கூட்டல் கணக்குப்படி ஆல் அரவுண்ட் தங்கம் அவருடையது. கிடைத்தது வெண்கலம். மூன்று நடுவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள், ஆனால் அமெரிக்காவின் பால் ஹாமிடமே தங்கம் நின்றது. கொரியத் தரப்பு முறையீட்டை உரிய நேரத்தில் செய்யவில்லை என்பதும் விளையாட்டு நடுவர் மன்றத்தின் தீர்ப்பில் ஒரு காரணம்.

மார்க் தப்பா இருந்தா கோச் போய் சண்டை போடலாமா?

சண்டை போட முடியாது, இன்குவைரி, அதாவது ஸ்கோரை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். அதற்குக் கறாரான விதி உண்டு. டி ஸ்கோரை மட்டும் கேட்கலாம், இ ஸ்கோரைக் கேட்க முடியாது. உங்கள் வீராங்கனையின் ஸ்கோரைத்தான் கேட்கலாம், எதிராளியுடையதைக் கேட்க முடியாது. களத்துக்குள் அனுமதி பெற்ற கோச் முதலில் வாயால் சொல்ல வேண்டும், அதுவும் அடுத்தவரின் ஸ்கோர் பலகையில் வருவதற்குள். கடைசியாக ஆடியவர் என்றால் ஸ்கோர் வந்து ஒரு நிமிடத்துக்குள். அதன்பின் நான்கு நிமிடத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கட்டணம் முதல் முறை 300 டாலர், இரண்டாவதுக்கு 500, மூன்றாவதுக்கு 1000. கேட்டது சரி என்றால் பணம் திரும்பும். வீடியோ பார்த்து முடிவு சொல்வார்கள். ஸ்கோர் கூடலாம், குறையவும் செய்யலாம். உள்ளூர்ப் போட்டிகளில் கட்டணமும் நேரமும் மாறும், கோச்சுகள் கூட்டத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பாரிஸ்ல ஒரு பொண்ணுக்குக் கொடுத்த மெடலைப் பிடுங்கினாங்களே, நாலு செகண்டுக்காகவா?

அந்த நாலு விநாடிதான் வழக்கே. 2024 ஆகஸ்ட் 5, பாரிஸ் ஒலிம்பிக்கின் பெண்கள் ஃப்ளோர் இறுதி. பிரேசிலின் ரெபேக்கா ஆண்ட்ராடே 14.166, அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் 14.133. மூன்றாம் இடத்துக்கு ருமேனியாவின் அனா பர்போசு, சப்ரினா மனேகா வொய்னியா இருவரும் 13.700. இ ஸ்கோர் கூடுதல் என்பதால் பர்போசு முன்னால் இருந்தார். கடைசியாக ஆடிய அமெரிக்காவின் ஜோர்டன் சைல்ஸுக்கு வந்தது 13.666. அவருடைய கோச் செசில் லாண்டி இன்குவைரி கேட்டார். கோஜியன் என்ற, காற்றில் சுழலும் தாவலுக்கு முழு மதிப்பு தரவில்லை என்பது வாதம். நடுவர்கள் ஏற்றார்கள், டி ஸ்கோர் 5.8-லிருந்து 5.9 ஆனது, மொத்தம் 13.766, வெண்கலம். ருமேனியக் கொடியோடு கொண்டாடிக்கொண்டிருந்த பர்போசு பலகையைப் பார்த்துக் கண்ணீரோடு வெளியேறினார்.

ருமேனியா விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. கேட்கும்போது 1 நிமிடம் 4 விநாடி ஆகிவிட்டது, விதி ஒரு நிமிடம், ஆகவே இன்குவைரி செல்லாது என்று ஆகஸ்ட் 10-ல் தீர்ப்பு. ஒலிம்பிக் கமிட்டி பதக்கத்தை பர்போசுவுக்கு மாற்றியது. கோடு தாண்டியதாக 0.1 வெட்டியது தவறு என்ற மனேகா வொய்னியாவின் முறையீடு ஏற்கப்படவில்லை. 47-வது விநாடியிலேயே கேட்டதற்கு வீடியோ இருக்கிறது என்றது அமெரிக்கச் சங்கம். செப்டம்பரில் சைல்ஸ் சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார்.

அப்ப அது கோச்சோட தப்பா?

எங்கள் கருத்தில் பெரும்பங்கு போட்டியை நடத்தியவர்களுடையது. கேட்ட நொடியைப் பதிவு செய்து, நேரம் தாண்டினால் அங்கேயே மறுக்கும் ஏற்பாடு களத்தில் இருந்திருந்தால் மூன்று இளம்பெண்களும் இந்த வேதனையைப் பட்டிருக்க மாட்டார்கள். வந்த கோரிக்கையை ஏற்று, விசாரித்து, பதக்கமும் அணிவித்துவிட்டு, ஐந்து நாள் கழித்துச் செல்லாது என்பது எந்தக் கோச்சும் எதிர்பார்க்க முடியாத ஒன்று.

ஆனாலும் கோச்சுகள் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய. ஆட்டத்துக்கு முன்பே எதிர்பார்க்கும் டி ஸ்கோரை ஒரு சீட்டில் எழுதி வையுங்கள், எந்த ஸ்கில்லில் சந்தேகம் வரும் என்பதையும் சேர்த்து. ஆட்டம் முடிந்ததும் விடுபட்டதைக் கழித்து, பலகையில் ஸ்கோர் வரும் முன்பே உங்கள் கணக்கு தயாராக இருக்க வேண்டும். ஸ்கோர் வந்ததும் டி பகுதியை மட்டும் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் மேசைக்குப் போங்கள், எந்த ஸ்கில் என்று சொல்லுங்கள். கூடவே இருக்கும் ஒருவர் கைக்கடிகாரத்தில் நேரம் பிடிக்கட்டும். கடைசியாக ஆடுபவர் உங்கள் பிள்ளை என்றால் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்ளுங்கள். அணைத்துத் தேற்றுவதைப் பிறகு செய்யலாம்.

கஷ்டமான ஸ்கில் ஒண்ணைக் கத்துக்கிட்டா சீக்கிரம் மேல போயிடலாம்ல? தீபா கர்மாக்கர் அப்படித்தானே போனாங்க?

தீபா செய்த புரோடுனோவா வால்ட்டில் முன்பக்கமாகக் கை ஊன்றி, காற்றில் இரண்டு சுற்று சுற்றி இறங்க வேண்டும். 2016-ல் அதன் டி மதிப்பு 7.0. ரியோ ஒலிம்பிக்கில் 15.066 எடுத்து நான்காம் இடம், வெண்கலத்துக்கு 0.150 தூரம். வெளியே தெரிந்தது அந்த ஒரு வால்ட். அகர்தலாவில் கோச் பிஸ்வேஸ்வர் நந்தியிடம் சிறுமியாக இருந்தபோது தொடங்கிய ஆண்டுக்கணக்கான அடிப்படைப் பயிற்சி அதன் பின்னால் இருக்கிறது. அந்த அடிப்படை இல்லாமல் ஸ்கில்லை மட்டும் எடுத்தால் கணக்கு உதைக்கும்: விழுந்தால் 1 புள்ளி, ஆழமாகக் குந்தி இறங்கினால் 0.5, காற்றில் கால் விரிந்தால் இன்னும் வெட்டு. கூடுதல் கடினம் தந்ததை இ ஸ்கோர் எடுத்துக்கொள்ளும்.

உயிர் ஆபத்தும் உண்டு. 1988-ல் டோக்கியோவில் 15 வயது அமெரிக்க வீராங்கனை ஜூலிசா கோமஸின் கால், முதுகுப்பக்கமாக மேசை மேல் பாயும் யுர்ச்சென்கோ வால்ட்டில் ஸ்பிரிங்போர்டைத் தவறவிட்டது. கழுத்து முறிந்து செயலிழந்தார், 1991-ல் இறந்தார். அதற்குப் பின்தான் போர்டைச் சுற்றி ‘யு’ வடிவ மெத்தை கட்டாயமானது. அது இல்லாமல் அந்த வகை வால்ட் செய்தால் இன்று பூஜ்யம். பயிற்சி ஹாலில் அந்த மெத்தை இல்லாமல் யுர்ச்சென்கோ சொல்லித் தருகிற கோச்சிடம் பிள்ளையை விடாதீர்கள்.

ஆறு மாசமா நல்லா செஞ்ச ஸ்கில்லை திடீர்னு செய்ய மாட்டேங்கிறா. சோம்பேறித்தனமா, பயமா?

சோம்பல் என்று முடிவுகட்ட வேண்டாம். காற்றில் தான் எங்கே இருக்கிறோம் என்ற உணர்வு அறுந்துபோவது உண்மையிலேயே நடக்கும். டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஜூலை 27 அன்று சிமோன் பைல்ஸ் இரண்டரைத் திருகு திருக வேண்டிய வால்ட்டில் ஒன்றரையில் நின்றுவிட்டார். விலகிக்கொண்டார், அவரது கோச்சுகள் தடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, திருகு இல்லாத இறங்கலோடு பீமில் வெண்கலம் வென்றார். உலகின் சிறந்தவருக்கே வந்தது எந்தப் பிள்ளைக்கும் வரலாம்.

செய்ய வேண்டியது பின்வாங்குவது. பிள்ளைக்குச் சிரமமே தராத படி வரை இறங்குங்கள், பேக் ஹேண்ட்ஸ்பிரிங் என்றால் மேலே சொன்ன சரிவு மேட்டுக்கே கூட. அங்கிருந்து ஃபோம் பிட், மென்மையான மேட் என்று ஏறுங்கள். நாளுக்குச் சில தரம் போதும், நன்றாக வந்த ஒன்றோடு நிறுத்துங்கள். அந்த ஸ்கில்லுக்கு நாள் குறிக்காதீர்கள். “செய்யாம வீட்டுக்குப் போக முடியாது” என்ற மிரட்டல் இந்தக் கோளாறை நீட்டிக்கும். வேகமாக வளர்ந்திருந்தாலும் இது வரும்: கைகால் நீளம் மாறியதால் பழைய நேரக்கணக்கு பொருந்தாது.

வாரா வாரம் எடை பார்த்து எழுதி ஒட்டுறாங்க. குறைச்சா நல்லா ஆடலாம்னு சொல்றாங்க.

நிறுத்தச் சொல்லுங்கள். பிரிட்டன் ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கம் கோச்சுகள் பிள்ளைகளை எடை பார்ப்பதையே தடை செய்துவிட்டது. வளரும் பிள்ளையின் எடை கூடத்தான் வேண்டும். சாப்பாட்டைக் குறைத்தால் முதலில் போவது வலு, பிறகு எலும்பு. அழுத்த முறிவுகள் வரும், காயம் ஆறாது.

மாதவிடாய் நல்ல அடையாளம். 15 வயதாகியும் வராவிட்டாலோ, வந்தது தொடர்ந்து மூன்று மாதம் நின்றாலோ மருத்துவரிடம் போங்கள். “ஜிம்னாஸ்டிக்ஸ் பண்ணா அப்படித்தான்” என்று கோச் சொல்வதை ஏற்காதீர்கள். உடம்புக்குப் போதிய உணவு கிடைக்கவில்லை என்பதற்கு அது எச்சரிக்கை.

அமெரிக்காவுல அந்த டாக்டர் விஷயத்துல அத்தனை வருஷம் கோச்சுங்க யாருக்கும் தெரியாமலா இருந்துச்சு?

லாரி நாசர், அமெரிக்க தேசிய அணியின் மருத்துவர். சிகிச்சை என்ற பெயரில் சிறுமிகளைப் பாலியல் கொடுமை செய்தார். 2018 ஜனவரியில் 40 முதல் 175 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். அந்த நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்ட 150-க்கும் மேற்பட்டோரின் வாக்குமூலங்கள் கேட்கப்பட்டன. சிலர் பல ஆண்டுகளுக்கு முன்பே பெரியவர்களிடம் சொல்லியிருந்தார்கள். நம்பவில்லை. டெக்சாஸில் புகழ்பெற்ற கோச்சுகளான கரோலி தம்பதியின் பண்ணையில் நடந்த தேசிய முகாம்களுக்குப் பெற்றோர் வர முடியாது. கோச்சுக்குப் பிடிக்காவிட்டால் அணியில் இடமில்லை என்ற பயத்தில் வாடிய பிள்ளைகளுக்கு, அன்பாகப் பேசி இனிப்பு தந்த ஒரே பெரியவராக அவர் தெரிந்தார். கடுமையான பயிற்சி முறையும் அந்தக் குற்றமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

2015 ஜூனில் வீராங்கனை மேகி நிக்கல்ஸ் நாசரைப் பற்றிச் சக வீராங்கனையிடம் பேசியது அவருடைய கோச் சாரா ஜான்ட்ஸியின் காதில் விழுந்தது. அவர் உடனே பெற்றோருக்கும் சங்கத்துக்கும் சொன்னார். சங்கம் தானே விசாரித்து ஐந்து வாரம் கழித்துத்தான் எஃப்.பி.ஐ.யிடம் போனது, எஃப்.பி.ஐ.யும் தாமதித்தது, அதற்குள் இன்னும் பலர் பாதிக்கப்பட்டார்கள். ஆகவே இப்படி ஒன்று காதில் விழுந்தால் அகாடமிக்குள்ளேயே பேசி முடிக்கப் பார்க்கக் கூடாது. இந்தியாவில் 18 வயதுக்குட்பட்டவருக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தால் போலீசுக்குத் தெரிவிப்பது 2012 போக்சோ சட்டப்படி எல்லோருக்கும் கடமை, கோச்சுக்கும் சேர்த்து. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

அப்ப எங்க அகாடமியில என்னென்ன ஒழுங்கு இருக்கான்னு கேக்கணும்?

பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கலாமா என்பது முதல் கேள்வி. இல்லை என்றால் சேர்க்காதீர்கள். பிள்ளையோடு ஒரு பெரியவர் மட்டும் மூடிய அறையில் இருக்கக் கூடாது, பிசியோ, மசாஜ் உட்பட. பிள்ளைக்கு அனுப்பும் செய்தி பெற்றோரும் இருக்கும் குழுவில்தான் வர வேண்டும். வெளியூர்ப் போட்டியில் கோச் பிள்ளைகளோடு ஒரே அறையில் தங்கக் கூடாது, மாணவிகள் அணியோடு ஒரு பெண் பொறுப்பாளர் போக வேண்டும். ஸ்பாட்டிங்கில் எங்கே தொடுவார்கள், ஏன் என்பதைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கை வழுக்குவது நடக்கும். நடந்தால் அங்கேயே, எல்லோர் முன்னும் சொல்லிவிடுகிற கோச் நல்ல கோச்.

கண்டிப்பா இருக்கிறதும் கொடுமை பண்றதும் எங்க பிரியுது? ரொம்ப செல்லம் கொடுத்தா யாரும் ஜெயிக்க மாட்டாங்களே.

கண்டிப்பு வேலையைப் பற்றியது. “முழங்கால் மடங்குது, இன்னும் மூணு தரம் செய்” என்பது கண்டிப்பு. “நீ ஒரு பன்றி, உன்னால எல்லாருக்கும் அவமானம்” என்பது கொடுமை. தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை மறுப்பது, விழுந்ததற்குத் தண்டனையாகக் கயிறு ஏற வைப்பது, காயத்தோடு ஆட வைப்பது, பேசாமல் பல நாள் ஒதுக்கி வைப்பது எல்லாம் கொடுமையே. பிரிட்டனில் ஆன் வைட் என்ற வழக்கறிஞர் நடத்தி 2022 ஜூனில் வெளியான விசாரணைக்கு 400-க்கும் மேற்பட்ட தகவல் மனுக்கள் வந்தன. அதில் திரும்பத் திரும்பப் பதிவானது இந்தப் பட்டியல்தான். அறிக்கை 17 பரிந்துரைகள் தந்தது.

ஒரு சோதனை உதவும். “முடியல, வலிக்குது, பயமா இருக்கு” என்று பிள்ளை கோச்சின் முகத்துக்கு நேரே சொல்ல முடிகிறதா? முடிகிறது, சொன்ன பிறகு கோச் பயிற்சியை மாற்றுகிறார் என்றால் அவர் எவ்வளவு கறாராக இருந்தாலும் பரவாயில்லை. ஜெயிப்பதைப் பற்றி: சுசோவிடினாவின் எட்டு ஒலிம்பிக்கும் பயத்தில் வந்தவை அல்ல.

கோச் ஏதோ பவுடர், மூலிகை மாத்திரை தர்றாரு. “நேச்சுரல்தான்”னு சொல்றாரு.

வாங்காதீர்கள். மேலே சொன்ன தீபாவே 2021 அக்டோபரில் எடுத்த மாதிரியில் ஹிஜெனமைன் இருந்ததால் 21 மாதம் தடை பெற்றார், 2023 ஜூலை 10 வரை. தெரியாமல் உடலுக்குள் போனது என்று அவர் சொன்னார். அது சில தாவரங்களில் இயற்கையாகவே உள்ள பொருள். எப்படி வந்தது என்பது ஊக்கமருந்து விதிக்கு இரண்டாம்பட்சம், உடம்பில் இருந்தாலே பொறுப்பு ஆடியவருடையது. சளி மருந்தும் மருத்துவர் சீட்டோடு, தடைப்பட்டியலோடு ஒப்பிட்டுத்தான்.

வயசைக் கொஞ்சம் மாத்திக் காட்டினா சின்ன குரூப்ல ஜெயிக்கலாம்னு ஒருத்தர் சொல்றாரு.

முடியாது என்று சொல்லிவிடுங்கள். 2000 சிட்னியில் அணி வெண்கலம் வென்ற சீனாவின் டோங் ஃபாங்ஷியாவுக்கு அப்போது 14 வயதுதான் என்று பின்னர் தெரிந்தது. 2010-ல், பத்தாண்டு கழித்து, மொத்த அணியின் பதக்கமும் பறிக்கப்பட்டு அமெரிக்காவுக்குப் போனது. பதக்கம் இழந்தது அவரோடு ஆடிய மற்றவர்களும்தான்.

கோச்சை மாத்தணும்னு முடிவு பண்ணிட்டோம். எப்படி மாத்துறது?

பருவத்தின் பெரிய போட்டி முடிந்த பிறகு மாற்றுவது நல்லது. மேலே சொன்ன கொடுமைகளில் ஒன்று நடந்தால் மட்டும் நாள் பார்க்காமல் அன்றே வெளியேறுங்கள். ஒரு தாளில் பிள்ளை எதைத் தனியாகச் செய்கிறாள், எதைக் கோச் பிடித்துச் செய்கிறாள், எதைப் பிட்டில் மட்டும் செய்கிறாள் என்று பிரித்து எழுதுங்கள். பழைய காயங்கள், எக்ஸ்ரே, பிறப்புச் சான்று, போட்டிப் பதிவு அட்டை எல்லாம் உங்கள் கையில் இருக்கட்டும். சங்கத்தில் இடமாற்ற அனுமதி வேண்டுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

புதிய இடத்தில் முதல் இரண்டு மூன்று வாரம் எளிய ஸ்கில்களில் ஓடுவதைப் பார்த்து “பின்னாடி போயிட்டா” என்று கவலைப்பட வேண்டாம். ஸ்பிரிங்போர்டின் விறைப்பும் பார்ஸின் இழுவையும் அங்கே வேறாக இருக்கும், புதிய கோச்சின் கையும் பிள்ளைக்குப் பழக வேண்டும். முதல் நாளே பழைய ஹாலின் பெரிய ஸ்கில்லைச் செய்து காட்டச் சொல்கிற கோச்சாக அவர் இருந்தால், இன்னும் ஓரிரண்டு அகாடமிகளைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.